தன் வழக்குக்குத் தானே நீதிபதியா?

தன் வழக்கைத் தானே விசாரித்துத் தீர்ப்புக் கூறும் உரிமை எவனுக்கும் இல்லை என்பது நியாய ஸ்தலங்களின் பால பாடம். வாதியும் நீதிபதியும் ஒருவரேயானால் தீர்ப்பு எப்படியிருக்கும் என்பதைச் சட்டம் படியாதவர்களும் அறிவர். ஆயினும் தேசங்களின் மிகப் பெரிய வழக்கு ஒன்று பெரும்பாலும் இவ்விதமாகவே தீர்க்கப்பட்டு வருகிறது. எந்த முறையில் தேர்தல் நடத்தினால் ஜனங்களின் அபிப்பிராயம் பார்லிமெண்டில் உள்ளது உள்ளபடி பிரதிபலிக்கும் என்பதே அவ்வழக்கு. அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இப்பொழுதுள்ள முறையினால் ஜயம் பெற்று, பார்லிமெண்டு ஸ்தானங்களில் அமர்ந்திருப்பவர்களிடமே இருக்கிறது. தாம் ஏறி வந்த ஏணி கோணலானது என்று அவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்களா?

ஒப்புக்கொள்வதில்லை என்பதே பல தேசங்களின் அநுபவம். ஆனால் ஒரு தேசத்தில் மகாஜனங்களே அவ்வழக்கைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு தீர்ப்புக் கூறினார்கள். அத்தேசம் நியூஜிலாந்து, தீர்ப்புக் கூறிய நாள் 1993-ம் வருஷம் நவம்பர் மாதம் 6-ந் தேதி. அந்தச் சரித்திரத்தை நம் வாசகர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அவர்கள் கைவிட்ட முறை எதுவோ, அதே முறையில்தான் நமது லோக் சபைக்கு இன்றும் தேர்தல் நடைபெற்று வருகிறது.

கம்பமில்லாத பந்தயம்

அம்முறைக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து வந்தது. கம்பத்தை முதலில் தாண்டிய குதிரையே ஜயித்தது என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமாயில்லை. பந்தயத்தில் கம்பம் ஓரிடத்தில் நிலையாக நட்டிருக்கும். எல்லாக் குதிரைகளும் அதுவரை ஓடியே தீர வேண்டும். இந்தத் தேர்தல் முறையிலோ கம்பமே கிடையாது. பக்கத்துக் குதிரையைவிட ஓரடி முன்னால் நின்றால் போதும். பாதி தூரம் ஓடாதவனுக்கும் பரிசு கிடைத்துவிடும்.

நூறு பேர் வோட்டுப் போடும் ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். நான்கு அபேட்சகர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு முறையே 31, 27, 24, 18 வோட்டுகள் கிடைக்கின்றன. 31 வோட்டுப் பெற்றவர் அத்தொகுதியின் பிரதிநிதியாகிறார். மற்ற 69 பேரும் அவர் வேண்டாமென்று வேறொருவருக்கு வோட்டளித்தவர்கள். அவர்கள் வெயிலில் நின்று போட்ட வோட்டுக்குப் பார்லிமெண்டில் ஒரு குரலும் இல்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியோர். இம்முறையில் 69 பேருடைய வோட்டு அளவில்லாமல் ஆற்றோடு போகிறது.

ஒரு தொகுதியில் நேர்வதே தேசம் முழுவதிலும் நேரும்பொழுது விபரீதம் பன்மடங்காகிறது. ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் சில தொகுதிகளில் நெருக்கமாக வசித்தால் அக்கட்சி பிழைக்கும். அதைவிட அதிகமான ஆதரவாளர்களையுடைய வேறொரு கட்சி, அவர்கள் எங்கும் பரவி வசிக்கும் ஒரே காரணத்தால், எல்லா இடத்திலும் இரண்டாவதாக வந்து வெறுங்கையோடு திரும்பும். ஜனங்கள் எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்பதைவிட அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதே முக்கியமாகிவிடுகிறது.

நியூஜிலாந்தில் நடந்த அநியாயம்

நியூஜிலாந்து சிறிய தேசம். அதன் ஜனத்தொகை இன்று சுமார் 50 லட்சத்துக்குச் சற்று அதிகம். ஆனால் ஜனநாயக விஷயத்தில் அதைச் சிறியதென்று சொல்வதற்கில்லை. தன்னாட்சி நடத்திய நாடுகளில் முதன்முதலாகப் பெண்களுக்குப் பார்லிமெண்டுத் தேர்தலில் வோட்டுரிமை வழங்கியது அதுவே. அது நடந்தது 1893-ல். அந்நாட்டின் பூர்வ குடிகளாகிய மாவோரி மக்களுக்கு 1867-லேயே பார்லிமெண்டில் தனித் தொகுதிகள் ஏற்பட்டன.

எனினும் அதன் ராஜ்ய அமைப்பில் ஓர் அபாயம் இருந்தது. நமது நாட்டைப்போல் ஒரே சாசனமாக எழுதிவைத்த அரசியல் சட்டம் அங்கே கிடையாது. 1951 முதல் மேல் சபையும் கிடையாது. ஆகவே ஒரே சபையில் மெஜாரிட்டி பெற்ற கட்சி மூன்று வருஷ காலம் தான் நினைத்ததைச் சட்டமாக்கலாம், தடுப்பார் இல்லை. இத்தகைய நாட்டில் அந்த மெஜாரிட்டி எப்படிக் கிடைக்கிறது என்பது சாதாரண விஷயமா?

1978-ம் வருஷத் தேர்தலில் தொழிற் கட்சிக்கு நூற்றுக்கு 40.4 வோட்டு விழுந்தது. தேசீயக் கட்சிக்கு 39.8. சபையில் மொத்த ஸ்தானங்கள் 92. அதிக வோட்டுப் பெற்ற தொழிற் கட்சிக்கு 40 ஸ்தானங்களே கிடைத்தன. குறைந்த வோட்டுப் பெற்ற தேசீயக் கட்சி 51 ஸ்தானங்களைப் பெற்று ஆட்சி நடத்திற்று. ஒரு தடவை நேர்ந்ததை விபத்து என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 1981-லும் இதே கதை. தொழிற் கட்சிக்கு நூற்றுக்கு 39 வோட்டு, 43 ஸ்தானம். தேசீயக் கட்சிக்கு 38.8 வோட்டு, 47 ஸ்தானம். தோற்றவர் ஆண்டனர், ஜயித்தவர் எதிர்வரிசையில் அமர்ந்தனர்.

இவ்விரு கட்சிகளுக்காவது ஸ்தானங்கள் கிடைத்தன. சமுதாயக் கடன் கட்சி என்ற மூன்றாவது கட்சியின் கதி பரிதாபத்துக்குரியது. 1981-ல் அதற்கு நூற்றுக்கு 20.7 வோட்டு. அதாவது வோட்டளித்தவர்களில் ஐந்தில் ஒருவர் அக்கட்சியை ஆதரித்தனர். கணக்குப்படி அதற்கு 19 ஸ்தானங்கள் வரவேண்டும். கிடைத்தவை இரண்டே. அக்கட்சியின் கொள்கை நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். ஐந்தில் ஒரு பங்கு ஜனங்களின் வாயை ஒரு கணக்கு முறையே அடைத்துவிட்டதென்பது மறுக்க முடியாத உண்மை.

வாய் தவறி வந்த வாக்குறுதி

இரு தடவை ஏமாந்த தொழிற் கட்சி 1984-ல் பதவிக்கு வந்தது. அதன் மந்திரிகளில் ஒருவரான ஜெஃப்ரி பாமர், அரசியலுக்கு வருமுன் சட்டக் கலாசாலை ஆசிரியராயிருந்தவர். கட்டுக்கடங்காத மந்திரி சபை அதிகாரத்தைக் கண்டித்துப் புத்தகம் எழுதியவர். அவருடைய முயற்சியால் 1985-ல் ஒரு ராயல் கமிஷன் நியமிக்கப்பட்டது. ஹைகோர்ட்டு நீதிபதி ஜான் வாலஸ் அதன் தலைவர். அங்கத்தினர் ஐவரில் எவரும் பார்லிமெண்டில் ஸ்தானம் வகித்தவர் அல்லர். இதை வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வழக்கில் லாப நஷ்டமில்லாதவர்களிடம் முதன்முறையாக அவ்வழக்கு ஒப்படைக்கப்பட்டது.

1986 டிசம்பரில் கமிஷன் அறிக்கை வெளிவந்தது. பழைய முறையை அடியோடு கைவிட்டு, இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் ஏற்பட்ட கலப்பு விகிதாசார முறையைக் கைக்கொள்ள வேண்டுமென்று அது சிபாரிசு செய்தது. அத்துடன், இதைச் சர்வஜன வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்றும் கூறிற்று. அறிக்கையைக் கண்ட இரு பெருங் கட்சிகளும் திடுக்கிட்டன. 1981-ல் அநியாயம் அநியாயம் என்று முறையிட்ட கட்சிக்கு, மெஜாரிட்டி கையில் வந்த பிறகு பழைய முறையில் அத்தனை குற்றம் தோன்றவில்லை. அறிக்கை அலமாரிக்குப் போயிற்று.

அங்கேயே அது மக்கியிருக்கும். ஆனால் தவளை தன் வாயால் கெடும் என்பதுபோல், 1987-ம் வருஷத் தேர்தலின்போது டெலிவிஷன் விவாதமொன்றில் பிரதம மந்திரி டேவிட் லாங்கே, இது பற்றிச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்துவோம் என்று சொல்லிவிட்டார். கையிலிருந்த குறிப்பைத் தவறாகப் படித்ததால் அவ்வார்த்தை வந்ததென்று கூறப்படுகிறது. வந்த வார்த்தையைத் திருப்ப முடியுமா? தேர்தலில் ஜயித்த பிறகு அவருடைய கட்சி வாக்கெடுப்பை நடத்தவில்லை. எதிர்க் கட்சியாகிய தேசீயக் கட்சி அதையே பிடித்துக்கொண்டு, வாக்குத் தவறியவர்கள் என்று ஊரெங்கும் தூற்றிற்று. தூற்றிய வேகத்தில், தாங்கள் பதவிக்கு வந்தால் வாக்கெடுப்பை நடத்துவதாக 1990-ல் தானும் வாக்களித்துவிட்டது. அவ்வருஷமே பதவிக்கும் வந்தது. இரு கட்சிகளும் ஒன்றையொன்று மடக்க வீசிய வலையில் இரண்டுமே சிக்கிக்கொண்டன.

ஜனங்களின் தீர்ப்பு

இதற்கிடையில் ஜனங்களின் கோபம் வளர்ந்துகொண்டிருந்தது. 1984-ல் வந்த தொழிற் கட்சி மந்திரி சபை, தேர்தலின்போது ஜனங்களிடம் கூறாத பெரும் பொருளாதார மாறுதல்களைச் செய்தது. அதை வெறுத்து ஜனங்கள் தேசீயக் கட்சியை வரவழைத்தால், அது ஓய்வூதியம் பற்றித் தான் அளித்த வாக்கை மீறியதுடன், ஏழைகளுக்கு அளித்துவந்த உதவித் தொகைகளையும் 1991-ல் வெட்டிவிட்டது. அக்கட்சிக்கு 1990-ல் கிடைத்த வோட்டு நூற்றுக்கு 48-க்கும் குறைவு. ஸ்தானங்களோ 97-ல் 67. இத்தனை பெரும் பலம் படைத்தவர்கள் யாருக்கு அஞ்ச வேண்டும்? இரு கட்சிகளையும் மாறி மாறிப் பார்த்துச் சலித்த ஜனங்கள், கோளாறு ஆட்களிடம் மட்டுமில்லை, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் இருக்கிறதென்ற முடிவுக்கு வந்தார்கள்.

1992 செப்டம்பர் 19-ந் தேதி முதல் வாக்கெடுப்பு நடந்தது. இது அபிப்பிராயம் அறிவதற்கு மட்டுமே, சர்க்காரைக் கட்டுப்படுத்தாது. வோட்டர்களில் சுமார் 55 சதவிகிதத்தினரே வந்தனர். வந்தவர்களில் நூற்றுக்கு 84.7 பேர் பழைய முறை வேண்டாமென்றனர். காட்டப்பட்ட நான்கு புது முறைகளில் கலப்பு விகிதாசார முறையை நூற்றுக்கு 70.5 பேர் ஆதரித்தனர்.

முடிவான வாக்கெடுப்பு அடுத்த வருஷம் பொதுத் தேர்தலுடனேயே நடந்தது. இடைக்காலத்தில் பழைய முறையைக் காப்பாற்ற வியாபாரப் பிரமுகர் பீட்டர் ஷர்ட்கிளிஃப் தலைமையில் ஒரு பெரும் இயக்கம் கிளம்பிற்று. பணம் தாராளமாகச் செலவாயிற்று. நிலையற்ற ஆட்சி வரும், தேசம் சீர்குலையும் என்ற பயமுறுத்தல்கள் விளம்பரங்களில் நிறைந்தன. சீர்திருத்தக்காரர்களுக்கு அத்தனை பணம் இல்லை. முதல் வாக்கெடுப்பில் கிடைத்த பேராதரவு கரைந்து, முடிவு எப்படியாகுமோ என்ற நிலை ஏற்பட்டது. 1993 நவம்பர் 6-ந் தேதி வோட்டர்களில் நூற்றுக்கு 85 பேர் வந்து வாக்களித்தார்கள். புது முறைக்குச் சுமார் 10 லட்சத்து 33 ஆயிரம் வோட்டு. பழைய முறைக்கு 8 லட்சத்து 85 ஆயிரம். நூற்றுக்கு 54 பேர் மாறுதலை விரும்பியதால் மாறுதல் சட்டமாயிற்று.

பழைய முறை அன்று தனக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னதையும் கூறியாக வேண்டும். அதே நாளில், அதே வோட்டர்கள், அம்முறையிலேயே பார்லிமெண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். நூற்றுக்கு 35 வோட்டுப் பெற்ற தேசீயக் கட்சிக்கு 99 ஸ்தானங்களில் 50 கிடைத்தன. நூற்றுக்கு 18 வோட்டுப் பெற்ற கூட்டணிக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டு.

புது முறை எப்படி?

புது முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வோட்டு உண்டு. ஒன்றைத் தம் தொகுதியில் நிற்கும் அபேட்சகருக்கு அளிக்கலாம். மற்றொன்றைத் தாம் விரும்பும் கட்சிக்கு அளிக்க வேண்டும். அபேட்சகர் ஒரு கட்சியினராகவும், ஆதரிக்கும் கட்சி வேறாகவும் இருக்கலாம். பார்லிமெண்டின் ஸ்தானங்கள் 120. ஒவ்வொரு கட்சிக்கும் மொத்தத்தில் எத்தனை ஸ்தானம் என்பதை இரண்டாவது வோட்டே நிர்ணயிக்கிறது. நூற்றுக்கு 20 கட்சி வோட்டுப் பெற்ற கட்சிக்கு ஏறக்குறைய 24 ஸ்தானம் உரியது. அக்கட்சி தொகுதிகளில் 15-ல் ஜயித்திருந்தால், குறையும் ஒன்பதும் அது தேர்தலுக்கு முன்பே வெளியிட்ட ஜாபிதாவிலிருந்து வரிசைப்படி நிரப்பப்படும். தொகுதிக்கு ஒரு பிரதிநிதி என்ற பழைய சௌகரியமும் போகவில்லை. வோட்டுக்குத் தக்க ஸ்தானம் என்ற நியாயமும் கிடைத்தது. மாவோரித் தொகுதிகளை எடுத்துவிடலாமென்று கமிஷன் கூறியிருந்தது. மாவோரி மக்கள் அதை எதிர்த்ததால் அவை காப்பாற்றப்பட்டன. நான்காயிருந்தவை 2002-க்குள் ஏழாகப் பெருகின.

1996 அக்டோபர் 12-ந் தேதி நடந்த முதல் தேர்தலிலேயே பலன் தெரிந்தது. முந்திய சபையில் 99 பேரில் 21 பெண்கள். புதிய சபையில் 120 பேரில் 35. 2022 அக்டோபரில் அச்சபையில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களின் எண்ணிக்கையை மிஞ்சிற்று. எந்தத் தனித் தொகுதியிலும் மெஜாரிட்டி இல்லாத வகுப்பினரும் கட்சி ஜாபிதாக்களின் வழியே பார்லிமெண்டில் புகுந்தனர். நமது சென்னையில் பிறந்த பிரியங்கா ராதாகிருஷ்ணன் 2017-ல் தொழிற் கட்சி ஜாபிதாவின் மூலமே அங்கத்தினரானார். 2020-ல் அந்நாட்டின் மந்திரியுமானார்.

ஆட்சேபங்கள்

விகிதாசார முறை என்றவுடன் எழும் முதல் ஆட்சேபம், ஆட்சி நிலைக்காது என்பது. இது அற்பமான ஆட்சேபமன்று. நியூஜிலாந்திலேயே தொடக்கம் நன்றாயில்லை. 1996-ல் எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி கிடைக்கவில்லை. 17 ஸ்தானம் பெற்ற நியூஜிலாந்து முதன்மைக் கட்சி இரு பெருங் கட்சிகளோடும் சுமார் இரண்டு மாத காலம் பேரம் பேசிற்று. முடிவில், தேர்தலின்போது யாரைக் கடுமையாகத் தாக்கியதோ அவர்களுடனேயே கூடி மந்திரி சபை அமைத்தது. அக்கூட்டு 1998-ல் முறிந்தும் போயிற்று. இதற்கா மாற்றினோம் என்று பலர் வருந்தினார்கள்.

ஆனால் ஒரு முறையை அதன் முதல் இரண்டு வருஷங்களைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. 1999 முதல் 2017 வரை பதினெட்டு வருஷ காலத்தில் அந்நாட்டை முதலில் தொழிற் கட்சியும் பிறகு தேசீயக் கட்சியும் தலைமை வகித்து ஆண்டன. பிரதம மந்திரிகள் மூவரே. பழைய முறையைக் கைவிடாத பிரிட்டனிலோ 2016 முதல் 2024 வரை எட்டு வருஷங்களில் அப்பதவியை வகித்தவர்கள் ஆறு பேர். அப்பிரிட்டனிலேயே 2024-ல் நூற்றுக்கு 34-க்கும் குறைந்த வோட்டுப் பெற்ற தொழிற் கட்சிக்கு 650-ல் 411 ஸ்தானம் கிடைத்தது. நிலைத்த ஆட்சிக்குப் பந்தய முறையே உத்தரவாதம் என்று இனியும் சொல்வதற்கில்லை. ஜனங்கள் உண்மையாகவே விரும்பினால் விகிதாசார முறையிலும் ஒரு கட்சி தனித்து ஆளலாம். 2020-ல் நூற்றுக்கு 50 வோட்டுப் பெற்ற தொழிற் கட்சி, 120-ல் 65 ஸ்தானம் பெற்று அதை நிரூபித்தது.

இரண்டாவது ஆட்சேபம், ஜாபிதாவைத் தயாரிக்கும் கட்சித் தலைவர்களின் கை ஓங்கிவிடும் என்பது. இதில் உண்மை உண்டு. தொகுதி ஜனங்களுக்கு அஞ்சாமல் தலைவருக்கு மட்டும் அஞ்சும் அங்கத்தினர் உண்டாகலாம். ஜாபிதாவின் வரிசையைக் கட்சி அங்கத்தினர்களின் வோட்டால் நிர்ணயிப்பதும், அதைக் காலத்தோடு பிரசுரிப்பதும் இதற்குப் பரிகாரங்கள். ஆனால் தொகுதி அபேட்சகரையும் தலைவரே பொறுக்கியெடுக்கும் நாட்டில் இவ்வாட்சேபத்தைக் கூறுகிறவர்கள் சற்று யோசித்துக் கூற வேண்டும்.

நியூஜிலாந்து மக்களிடமே மீண்டும் ஒரு தடவை கேட்கப்பட்டது. 2011-ல் நடந்த வாக்கெடுப்பில் செல்லத்தக்க வோட்டுகளில் சுமார் 58 சதவிகிதம் புது முறையே தொடர வேண்டுமென்று விழுந்தது. பதினைந்து வருஷங்கள் அநுபவித்த பிறகு கிடைத்த இந்த ஆதரவு, 1993-ல் கிடைத்ததைவிட அதிகம்.

மறுபடியும் அதே நோய்

இவ்வளவும் சொன்ன நாம் ஒரு குறையை மறைப்பது நியாயமாகாது. கட்சிகள் அளவின்றிப் பெருகாதிருக்க, நூற்றுக்கு நான்கு வோட்டாவது பெற்ற கட்சிக்கே ஜாபிதா ஸ்தானம் தர வேண்டுமென்று ராயல் கமிஷன் கூறியிருந்தது. சட்டம் செய்தவர்கள் அந்த வாசற்படியை ஐந்தாக உயர்த்தினார்கள். ஒரு தொகுதியில் ஜயித்த கட்சிக்கு மட்டும் இந்த நிபந்தனை இல்லை. இதன் விளைவு 2008-ல் தெரிந்தது. நூற்றுக்கு 4.07 வோட்டுப் பெற்ற நியூஜிலாந்து முதன்மைக் கட்சிக்கு ஒரு ஸ்தானமும் இல்லை. 3.65 வோட்டே பெற்ற ஆக்ட் கட்சி, எப்ஸம் என்ற ஒரு தொகுதியில் ஜயித்ததால் ஐந்து ஸ்தானங்களைப் பெற்றது.

2012-ல் தேர்தல் கமிஷன் விசாரித்து, வாசற்படியை நான்காகக் குறைத்து, ஒரு தொகுதிச் சலுகையையும் எடுத்துவிட வேண்டுமென்று சிபாரிசு செய்தது. அன்றைய மந்திரி சபை அதை நிறைவேற்றவில்லை. அச்சலுகையால் பயன் பெற்ற கட்சியின் ஆதரவு மந்திரி சபைக்குத் தேவையாயிருந்தது. பின்னர் வந்த சுயேச்சைக் குழு ஒன்று, மூன்றரை போதும் என்று கூறிற்று. சிபாரிசுகளுக்குக் குறைவில்லை. நல்ல முறை வந்த பிறகும், முறையைத் திருத்தும் அதிகாரம் அதனால் லாபமடைகிறவர்களிடம் திரும்பி வந்தவுடன் பழைய நோயும் திரும்பி வந்துவிட்டது.

நமது வழக்கு

இனி நமது வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1984-ல் காங்கிரசுக்கு நூற்றுக்குச் சுமார் 49 வோட்டு. அது பெற்றது நாலில் மூன்று பங்குக்கும் அதிகமான ஸ்தானங்கள். 2014-ல் பாரதீய ஜனதா கட்சிக்கு நூற்றுக்கு 31 வோட்டு. 543-ல் 282 ஸ்தானம். அதே தேர்தலில் சுமார் 2 கோடியே 29 லட்சம் பேருடைய வோட்டைப் பெற்ற பகுஜன் சமாஜ் கட்சிக்கு ஒரு ஸ்தானமும் கிடைக்கவில்லை. லோக் சபைத் தேர்தல் எதிலும் எந்தத் தனிக் கட்சியும் இதுவரை பாதி வோட்டுப் பெற்றதில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட ஸ்தானங்களைப் பல தடவை பெற்றிருக்கின்றன.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளலாம். 2014-ல் அ.தி.மு.க. நூற்றுக்கு 44-ஐ ஒட்டிய வோட்டுகளுடன் 39 ஸ்தானங்களில் 37-ஐப் பெற்றது. நூற்றுக்கு 23-க்கு மேல் வோட்டுப் பெற்ற தி.மு.க.வுக்கு ஒன்றுமில்லை. 2024-ல் சக்கரம் சுழன்றது. தி.மு.க. கூட்டணி பாதிக்கும் குறைந்த வோட்டுடன் 39 ஸ்தானங்களையும் பெற்றது, அ.தி.மு.க.வுக்கு ஒன்றுமில்லை. இன்று அநியாயம் என்று அழுதவர் நாளைக்கு அதே அநியாயத்தால் சிரிக்கிறார். ஆகவே இதை மாற்ற வேண்டுமென்ற ஊக்கம் எந்தக் கட்சிக்கும் நிலைத்து நிற்பதில்லை. 1981-ல் அழுது 1986-ல் மறந்த நியூஜிலாந்துத் தொழிற் கட்சிக்கும் இவர்களுக்கும் என்ன பேதம்?

அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜனவரியில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் பற்றிய விவாதம் எழுந்தது. டாக்டர் அம்பேத்கர் அதை எதிர்த்தார். நாட்டில் எழுத்தறிவு குறைவு என்பதும், சபை சிறு சிறு பிரிவுகளாகச் சிதறி ஆட்சி நிலைகுலையும் என்பதும் அவர் கூறிய காரணங்கள். அக்காலத்தில் அவை கனமான காரணங்களே. 1951-ல் நம் ஜனங்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குச் சுமார் 18 பேர். 2011 ஜனக் கணிதத்தில் அது நாலில் மூன்று பங்கை நெருங்கிவிட்டது. கூட்டு மந்திரி சபைகளும் நமக்குப் புதியவை அல்ல. காரணங்கள் மாறிய பிறகும் முடிவு மாறலாகாது என்பது எந்த நியாயம்? நமது சட்டக் கமிஷனும் சும்மா இருக்கவில்லை. லோக் சபையில் கால் பங்கு ஸ்தானங்களை அதிகப்படுத்தி, அவற்றை ஜாபிதா முறையில் நிரப்பலாமென்று 1999-ல் அது யோசனை கூறிற்று. 2015-ல் கலப்பு முறையைப் பற்றி மீண்டும் எடுத்துச் சொல்லிற்று. அவ்வறிக்கைகளும் அலமாரியில்தான் இருக்கின்றன.

நியூஜிலாந்து முறையை அப்படியே பெயர்த்துவந்து இங்கே நட்டுவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. 50 லட்சம் ஜனங்களுக்கு ஏற்ற சட்டை 140 கோடி ஜனங்களுக்குப் பொருந்துமா என்பதை ஆராய வேண்டும். ஜாபிதா தேசத்துக்கு ஒன்றா, ராஜ்யத்துக்கு ஒன்றா? பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் உள்ள தனித் தொகுதிகள் எவ்விதம் காப்பாற்றப்படும்? இவை தக்கவர்கள் கூடித் தீர்க்க வேண்டிய கேள்விகள். ஆகவே முதலில் வேண்டியது, தேர்தலில் நிற்காதவர்களையும் நிற்க விரும்பாதவர்களையும் கொண்ட சுயேச்சையான ஒரு கமிஷன். அடுத்தபடி, அதன் முடிவை நேராக ஜனங்களிடம் விடுவதற்கு ஒரு வழி.

நமது அரசியல் சட்டத்தில் சர்வஜன வாக்கெடுப்புக்கு இடமில்லை. லோக் சபை அங்கத்தினர்கள் தொகுதிகளிலிருந்து நேராகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டுமென்று 81-வது ஷரத்து கூறுவதால், ஜாபிதா ஸ்தானங்களை உண்டாக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருக்கும். திருத்துகிறவர்கள் யார்? இன்றைய முறையில் ஜயித்தவர்கள்தான். நியூஜிலாந்தின் கதை இங்கே நமக்கு உதவுகிறது. அந்நாட்டுக் கட்சிகள் தரும சிந்தையினால் வாக்கெடுப்பை நடத்தவில்லை. தேர்தலுக்கு முன் வாக்களித்தார்கள். தேர்தலுக்குப் பின் மீற முயன்றார்கள். ஜனங்கள் மறக்காததால் மீற முடியாமற் போயிற்று.

ஜயித்தவர்களிடம் இதைக் கேட்பதில் பயனில்லை. வோட்டுக் கேட்டு வாசலில் வந்து நிற்பவர்களிடம் கேட்க வேண்டும். வீடு, தண்ணீர், சாலை, இலவசம் என்று எத்தனையோ கேட்கிறோம். அவற்றோடு இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்: 'ஐயா, நாங்கள் போடும் வோட்டு எண்ணப்படுவதுடன், கணக்கிலும் சேருமா? அதற்குத் தக்க ஒரு கமிஷனை நியமிப்பதாக எழுதித் தருவீர்களா?' பத்துத் தொகுதிகளில் பத்தாயிரம் பேர் இப்படிக் கேட்கத் தொடங்கினால், ஏதேனும் ஒரு கட்சி எதிராளியை மடக்குவதற்காகவாவது வாக்களிக்கும். அளித்த வாக்கை நினைவூட்டும் வேலையை நாம் மேற்கொள்வோம்.